மிகுபுனைவில் மீட்பு: நார்னியாவும் தணிகை மலையும்

ஃபேண்டஸி எனப்படும் மிகுபுனைவு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்தில் பெருவடிவம் கொண்டது. அவ்வடிவத்தை நிலைநிறுத்திய நூல்களில் இரண்டு முதன்மையானவை. ஒன்று சி.எஸ். லூயிஸ் எழுதிய ஏழு நூல்கள் கொண்ட நார்னியா வரிசை (1950–1956). மற்றொன்று ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ (1954–1955). இருவரும் ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய நண்பர்கள், நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர்கள். இந்நூல்களின் கிறிஸ்தவக் கூறுகளைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் குறியீடுகளை விடுவிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். சிங்கம் என்றால் கிறிஸ்து, சூனியக்காரி என்றால் சாத்தான் என்று அந்த வாசிப்பு அமைகிறது. இந்நூல்களின் கிறிஸ்தவத் தன்மை குறியீடுகளைவிட, குற்றம் எவ்வாறு தீர்க்கப்படுகிறது, எதிரிக்கு என்ன நேர்கிறது என்னும் கதைப்போக்கில்தான் உள்ளது. புராண மரபில் வளர்ந்த தமிழ் வாசகர் இதைத் தெளிவாகக் காண்பதற்குத் திருத்தணி நல்லதொரு இடம்.

தமிழ் முன்னோடிகள்

கிறிஸ்தவ மையக்கருத்தைக் கற்பனைக் கதையாக விரிப்பது தமிழுக்குப் புதியதல்ல. வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 36 படலங்களில் அமைந்த காப்பியம். அதில் யூதேயா நாடு தமிழ்த் திணை நிலங்களின் வளத்தோடு காட்சியளிக்கிறது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) இன்னும் நேரடியான எடுத்துக்காட்டு. ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட உருவகக் கதையான ‘பில்கிரிம்ஸ் புராகிரஸ்’ நூலைத் தழுவி, ஐந்து பருவங்களில் கம்பனின் நடையை ஒட்டி அது எழுதப்பட்டது. அழிவின் நகரை விட்டு விண்ணக நகரை நோக்கிச் செல்லும் ஒருவனின் பயணம் அதன் கதை. வழியில் அவன் காணும் மனிதர்களும் இடங்களும் மனித குணங்களின் உருவங்கள்.

கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-ல் திருமுழுக்கு பெற்றவர். மதம் மாறிய பின்பும் அவருடைய செவியில் கம்பன் ஒலித்துக்கொண்டிருந்ததை அந்நூலின் விருத்தங்கள் காட்டுகின்றன. ஆனால் இரட்சணிய யாத்திரிகம் உருவகக் கதை. அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. பொருள் தெரிந்தபின் கதைப்பாத்திரம் அதற்குள் அடங்கிவிடும். மிகுபுனைவு வேறுபடுவது இந்த இடத்தில்தான். நார்னியா உருவகக் கதை அல்ல என்று லூயிஸ் தன் கடிதங்களில் விளக்கியிருக்கிறார். பேசும் விலங்குகள் வாழும் ஓர் உலகம் இருந்து, அங்கே கடவுளின் மகன் வர நேர்ந்தால் என்ன நடக்கும் என்ற கற்பிதமே அது என்பது அவர் விளக்கம். டோல்கீன் உருவகக் கதையை வெளிப்படையாகவே வெறுத்தவர்.

திருத்தணியும் ஆக்ஸ்ஃபோர்டும்

திருத்தணி தமிழகத்தின் வட எல்லையில் உள்ள மலைக்கோயில் ஊர். முருகனின் அறுபடை வீடுகளில் ஐந்தாவதாகக் கருதப்படுவது. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது ஆந்திரத்தில் இருந்த இவ்வூர், ம.பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடஎல்லைப் போராட்டத்தின் விளைவாகவும் படாஸ்கர் குழுவின் பரிந்துரையாலும் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது.

இவ்வூர்ப் பகுதியில் 1888-ல் பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவருடைய கல்வி பெரும்பகுதி கிறிஸ்தவ நிறுவனங்களில் நிகழ்ந்தது: திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கல்லூரி, சென்னையில் கிறிஸ்தவக் கல்லூரி. இந்து சமயத்தின் மீது அங்கு வைக்கப்பட்ட விமர்சனங்கள் தன்னைப் புண்படுத்தியதையும், அதனாலேயே தன் மரபை ஆராயத் தொடங்கியதையும் அவர் பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார். 1908-ல் அவர் எழுதிய முதுகலை ஆய்வேடு வேதாந்தத்தின் அறவியலைப் பற்றியது.

கிறிஸ்தவக் கல்லூரியில் அவருக்குத் தத்துவம் கற்பித்தவர்களில் ஒருவர் ஏ.ஜி. ஹாக். ஹாக் அக்கல்லூரி இதழில் எழுதிய கட்டுரைகள் 1909-ல் ‘கர்மமும் மீட்பும்’ என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக வந்தன. கர்மக் கோட்பாடு நீதிமன்றக் கணக்கைப் போன்றது, அதில் ஒவ்வொருவரும் தம் வினையைத் தாமே தீர்த்தாக வேண்டும் என்று ஹாக் கருதினார். ஒருவர் மற்றவருக்காகத் துன்பத்தை ஏற்பதைக் கிறிஸ்தவம் மையத்தில் வைக்கிறது என்பது அவருடைய வாதம். ராதாகிருஷ்ணன் பின்னர் கர்மத்தை வேறுவிதமாக விளக்கினார். சீட்டாட்டத்தில் கைக்கு வரும் சீட்டுகளை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, ஆனால் ஆடுவது நம் கையில் இருக்கிறது என்பது அவருடைய புகழ்பெற்ற உவமை.

ராதாகிருஷ்ணன் 1936 முதல் 1952 வரை ஆக்ஸ்ஃபோர்டில் கீழை மதங்களுக்கான ஸ்பால்டிங் பேராசிரியராக இருந்தார். அதே ஆண்டுகளில் லூயிஸ் அங்கே மாட்லின் கல்லூரியில் இலக்கியம் கற்பித்தார். டோல்கீன் பழைய ஆங்கிலப் பேராசிரியராகவும், 1945-க்குப் பின் ஆங்கில மொழி இலக்கியப் பேராசிரியராகவும் இருந்தார். சென்னையில் ஹாக் எழுப்பிய அதே கேள்வி, வினையின் கணக்கை யார் தீர்ப்பது என்ற கேள்வி, ராதாகிருஷ்ணன் தத்துவம் பேசிய அதே நகரில் குழந்தைக் கதையாக உருப்பெற்றது.

லூயிஸுக்கு இந்து சமயம் அறியாத பொருளல்ல. நாத்திகத்தை விட்டு விலகியபோது தன்முன் இருந்த உண்மையான வழிகள் இந்து சமயமும் கிறிஸ்தவமும் மட்டுமே என்று தன் வரலாற்று நூலில் (1955) அவர் குறிப்பிடுகிறார். அந்நூலை அவர் படையல் செய்தது தன் முன்னாள் மாணவரான பீட் கிரிஃபித்ஸுக்கு. கிரிஃபித்ஸ் அதே ஆண்டில் இந்தியா வந்தார். 1968 முதல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் உள்ள சச்சிதானந்த ஆசிரமத்தை நடத்தினார். காவிரிக்கரையில், காவி உடையில் உபநிடதமும் விவிலியமும் சேர்த்து ஓதப்பட்ட இடம் அது.

கல்மேசையின் கணக்கு

நார்னியா வரிசையில் முதலில் வெளிவந்த நாவல் 1950-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் எட்மண்ட் என்னும் சிறுவன் இனிப்புக்கும் பதவி ஆசைக்கும் மயங்கித் தன் உடன்பிறந்தவர்களை வெள்ளைச் சூனியக்காரியிடம் காட்டிக்கொடுக்கிறான். பிறகு மீட்கப்படுகிறான். ஆனால் சூனியக்காரி உரிமை கோரி வருகிறாள். துரோகி தனக்குரியவன் என்பது அந்த உலகத்தின் தொடக்கத்திலேயே கல்மேசையில் பொறிக்கப்பட்ட விதி. சிங்கமான அஸ்லான் அந்த விதியை மறுக்கவில்லை. அவனுக்குப் பதிலாகத் தன்னைக் கொடுக்க ஒப்புக்கொள்கிறது. இரவில் கட்டப்பட்டு, பிடரி மழிக்கப்பட்டு, ஏளனம் செய்யப்பட்டு, கல்மேசைமேல் கொல்லப்படுகிறது. விடியலில் மேசை இரண்டாகப் பிளக்கிறது. அஸ்லான் உயிரோடு நிற்கிறது. அதை முதலில் காண்பவர்கள் இரண்டு சிறுமிகள். கல்லறைக்கு முதலில் சென்ற பெண்களைப் பற்றிய நற்செய்திக் கதையின் நிழல் இதில் உண்டு.

இப்பகுதியில் முக்கியமானது சிங்கம் யார் என்பது அல்ல. விதி உடைக்கப்படுவதில்லை, தீர்க்கப்படுகிறது என்பதே முக்கியம். குற்றமற்றவர் ஒருவர் துரோகிக்காகத் தானே விரும்பிச் சாகும்போது மரணமே பின்னோக்கி நகரும் என்ற இன்னும் பழைய விதி ஒன்று இருப்பதாகக் கதை சொல்கிறது. சூனியக்காரிக்குச் சட்டம் தெரியும், அதற்கு முந்தைய அன்பு தெரியாது. கர்மத்தையும் மீட்பையும் பற்றி ஹாக் நூலாக எழுதியதை லூயிஸ் ஒரு பின்னிரவுக் காட்சியில் சொல்லிவிடுகிறார்.

இங்கே கந்தபுராணத்தை அறிந்த வாசகருக்கு ஒரு வேறுபாடு புலப்படும். முருகன் யாருடைய தண்டனையையும் தன்மேல் ஏற்பதில்லை. கடலில் மாமரமாக நின்ற சூரபன்மனை வேல் இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி மயிலாகிறது, மறு பாதி சேவலாகிறது. ஒன்று வாகனம், மற்றொன்று கொடி. தண்டித்து ஆட்கொள்ளும் இந்த அருளைச் சைவ மரபு மறக்கருணை என்கிறது. எதிரி அழிக்கப்படுவதில்லை, உருமாற்றப்பட்டு அருகிலேயே வைத்துக்கொள்ளப்படுகிறான். நார்னியாவில் மன்னிப்பு எட்மண்டுக்குக் கிடைக்கிறது. சூனியக்காரிக்குக் கிடைப்பதில்லை. அஸ்லான் அவள்மேல் பாய்கிறது, அத்துடன் அவள் முடிந்துபோகிறாள். தன் உடலில் துன்பத்தை ஏற்கும் கடவுளைக் கந்தபுராணம் காட்டுவதில்லை. பகைவனை மயிலாக்கும் கடவுளை நார்னியா காட்டுவதில்லை. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்று கூறுபவர் இரண்டையுமே முழுதாகப் படிக்காதவராவார்.

தாஷும் எமெத்தும்

திருத்தணி வாசகருக்கு நார்னியா வரிசையில் மிகவும் இடறலான பகுதி கடைசி நூலில் (1956) வருகிறது. நார்னியாவுக்குத் தெற்கே கலோர்மென் என்னும் பேரரசு உள்ளது. அதன் மக்கள் கருநிறத்தவர், தலைப்பாகையும் வளைந்த வாளும் உடையவர்கள். அவர்கள் வணங்கும் தெய்வம் தாஷ். அது இரைகொல்லிப் பறவையின் தலையும் நான்கு கைகளும் கொண்டது, நாற்றமடிப்பது, நரபலி கொள்வது. பன்னிரு கைகளோடும் கருடத் தலையோடும் தெய்வங்களைக் கோயில் தூண்களில் கண்டு வளர்ந்த ஒருவர், நான்கு கைகள் என்பதே கொடூரத்தின் அடையாளமாக வரும் இடத்தை இயல்பாகக் கடந்துசெல்ல முடியாது. கலோர்மென் மேற்காசியக் கதைகளை ஒட்டி வரையப்பட்டது என்பது சரியே. ஆனால் அந்தச் சித்திரத்தின் பின்னுள்ள பார்வை, ராதாகிருஷ்ணனை மாணவப் பருவத்தில் புண்படுத்திய பார்வையிலிருந்து வெகுதொலைவில் இல்லை.

அதே நூலில்தான் எமெத் வருகிறான். அவன் கலோர்மென் வீரன், வாழ்நாள் முழுவதும் தாஷை நேர்மையாக வணங்கியவன். உலகம் முடியும் வேளையில் அவன் அஸ்லானைச் சந்திக்கிறான், தண்டனையை எதிர்பார்க்கிறான். அஸ்லான் அவனை ஏற்கிறது. தாஷின் பெயரால் அவன் செய்த நல்லவை யாவும் தனக்குச் செய்யப்பட்டவையே என்கிறது. எமெத் என்ற சொல்லுக்கு எபிரேயத்தில் உண்மை என்று பொருள். கிறிஸ்தவத்துக்கு வெளியே நிற்கும் நேர்மையாளருக்கு லூயிஸ் தன் சொர்க்கத்தில் வைத்த இடம் இது. பழமைவாதக் கிறிஸ்தவர்கள் சிலர் இப்பகுதிக்காக அவரைக் குறை கூறியதும் உண்டு.

இந்த விருந்தோம்பலில் பெருந்தன்மையும் உண்டு, சிக்கலும் உண்டு. எமெத்தின் நன்மை ஏற்கப்படுகிறது, ஆனால் வேறொருவர் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. அவனுடைய தெய்வம் அசுரனாகவே எஞ்சுகிறது. இதைக் குறையாகக் காணும் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா மதங்களும் ஒரே உண்மையின் வெவ்வேறு படிகள், அவற்றின் உச்சம் வேதாந்தம் என்ற ராதாகிருஷ்ணனின் விளக்கத்திலும் இதே கணக்கு வேறு திசையில் எழுதப்படுகிறது. அங்கே கிறிஸ்தவரின் பக்தி வேதாந்தத்தின் வரவாகிறது. அடுத்தவரைத் தன் வீட்டுக்குள் அழைப்பவர், அது தன் வீடு என்பதை மறப்பதில்லை. எமெத் பகுதி மதச் சகிப்புத்தன்மையின் எல்லையை இருபக்கமும் காட்டுவதால் இன்றும் வாசிக்கத்தக்கது.

சினம் தணிந்த மலை

டோல்கீனின் நாவலில் கோயில் இல்லை, குருமார் இல்லை, வழிபாடு ஏறக்குறைய இல்லை. ஆனாலும் அது அடிப்படையில் கத்தோலிக்கப் படைப்பு என்று 1953-ல் ஒரு கடிதத்தில் அவர் எழுதினார். மதச் சடங்குகளை வேண்டுமென்றே நீக்கியதாகவும், சமயக் கூறு கதைக்குள்ளேயே கரைந்திருப்பதாகவும் அவர் விளக்கினார். அடையாளங்கள் தேடுபவர்க்கு அவை கிடைக்கும். மோதிரத்தை அழிக்கும் பயணம் ரிவெண்டலிலிருந்து டிசம்பர் 25-ல் புறப்படுகிறது. மோதிரம் அழிவது மார்ச் 25-ல். அது மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாள், சிலுவை மரணத்தின் நாள் என்றும் பழைய மரபு கருதியது. ஆனால் தேதிகள் மேற்பரப்பு மட்டுமே.

உள்ளிருப்பது ஒரு தோல்வி. எரிமலையின் விளிம்பில் ஃப்ரோடோ மோதிரத்தை எறிய மறுக்கிறான், அது தனதென்று அறிவிக்கிறான். மோதிரத்தால் சீரழிந்த கோல்லம் அவன் விரலைக் கடித்து அதைப் பறித்து, தடுமாறி நெருப்பில் விழுகிறான். உலகம் காக்கப்படுவது வீரத்தால் அல்ல. முன்பு பில்போவும் ஃப்ரோடோவும் இறுதியில் சாமும் கோல்லமைக் கொல்லாமல் விட்டார்கள். அந்த இரக்கம்தான் கடைசியில் பலன் தருகிறது. மனித முயற்சி முடியும் இடத்தில் அருள் தொடங்குகிறது என்ற கிறிஸ்தவக் கருத்து, கடவுள் பெயரே சொல்லப்படாமல் இங்கே நிகழ்வாகிறது.

கோல்லமும் சூரபன்மனும் ஓரிடத்தில் ஒப்பிடத்தக்கவர்கள். போர்க்களத்தில் முருகனின் பேருருவைக் கண்டு சூரபன்மன் ஒரு கணம் ஞானம் பெறுகிறான், பகைமறந்து வியக்கிறான். உருவம் மறைந்ததும் ஆணவம் திரும்பிவிடுகிறது. கோல்லமும் உறங்கும் ஃப்ரோடோவைப் பார்த்து ஒரு கணம் மனம் இளகுகிறான். விழித்த சாமின் கடுஞ்சொல் அதைக் கலைத்துவிடுகிறது. ஒருவன் வேலால் மீட்கப்படுகிறான். மற்றவன் மீளாமலே விழுந்து மற்றவர்களைக் காக்கிறான். கோல்லமுக்கு மயிலாகும் பேறு இல்லை. டோல்கீனின் உலகம் அவ்வகையில் துயரமானது.

போருக்குப் பின் என்ன என்பதையும் டோல்கீன் எழுதினார். பெரும்பாலான மிகுபுனைவுகள் வெற்றியோடு முடியும். தணிகை மலையின் தலபுராணம் வெற்றிக்குப் பிந்தையது. திருச்செந்தூரில் போர் முடித்த முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் இது. செருத்தணி என்ற பழம்பெயரே போர்ச்சினம் தணிந்ததைக் குறிப்பதாகச் சொல்வர். கந்த சஷ்டிக்கு மற்ற முருகன் தலங்களில் சூரசம்ஹாரம் நடக்கும்போது இங்கே அது நடப்பதில்லை, மலரால் அருச்சனை நடக்கிறது. அசுரனின் சக்கரத்தை மார்பில் ஏற்ற தழும்பு மூலவருக்கு உண்டு என்பதும் இத்தலத்துக் கதை. 365 படிகள் ஏறிவரும் பக்தர் தொழுவது, போர் முடித்துச் சினம் ஆறிய தெய்வத்தை.

ஃப்ரோடோவும் போர் முடிந்து ஊர் திரும்புகிறான். அவனுடைய ஷயர் சாருமானின் ஆட்களால் சீரழிந்திருக்கிறது. அதை மீட்கும் சண்டையில் அவன் வாளெடுப்பதில்லை, தேவையின்றி யாரும் கொல்லப்படக் கூடாது என்கிறான். தன்னைக் கத்தியால் குத்தவந்த சாருமானையும் விட்டுவிடச் சொல்கிறான். சினம் முழுதாகத் தணிந்துவிட்டது. ஆனால் பழைய காயம் அதே தேதிகளில் ஆண்டுதோறும் வலிக்கிறது. சொந்த ஊரில் அவனுக்கு ஆறுதல் இல்லை. கடைசியில் அவன் கப்பலேறிக் கடல் கடக்கிறான். தணிகையில் சினம் தணிந்த தெய்வம் வள்ளியை மணந்து அங்கேயே தங்குகிறது. ஃப்ரோடோவுக்கு இவ்வுலகில் தங்குமிடம் இல்லை. இறுதி ஆறுதல் இவ்வுலகுக்கு அப்பால்தான் என்ற கிறிஸ்தவ நோக்கும், தெய்வம் இம்மலையிலேயே குடியிருக்கிறது என்ற தமிழ்ப் பக்தி நோக்கும் பிரியும் இடம் இது.

பின்வந்தவை

ஜே.கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் வரிசை (1997–2007) மாந்திரிகத்தைப் போற்றுகிறது என்று கூறிக் கிறிஸ்தவக் குழுக்கள் சில அதை எதிர்த்தன. ஆனால் ஏழாம் நூலில் ஹாரியின் பெற்றோர் கல்லறையில் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தின் வரி பொறிக்கப்பட்டுள்ளது. ஹாரி மற்றவர்களுக்காக எதிர்ப்பின்றிச் சாவை ஏற்கச் செல்கிறான், திரும்பி வருகிறான். இறுதி மோதலில் வோல்டமார்ட்டிடமும் மனம் வருந்திப் பார்க்கச் சொல்கிறான். சூனியக்காரிக்கு நார்னியா அளிக்காத வாய்ப்பை ரௌலிங் தன் வில்லனுக்கு அளிக்கிறார். மாறாக ஃபிலிப் புல்மேன் தன் ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ வரிசையை (1995–2000) திருச்சபை அதிகாரத்துக்கு எதிராக எழுதினார். நார்னியாவைக் கடுமையாக விமர்சித்தவரும் அவரே. ஆயினும் ஆதியாகமத்தின் வீழ்ச்சிக் கதையைத் தலைகீழாக்கித்தான் அவரால் தன் கதையைச் சொல்ல முடிந்தது.

மதிப்பீடு

மிகுபுனைவில் கிறிஸ்தவக் கருக்களை ஆராயும் மாணவர் இரண்டு எளிய வழிகளைத் தவிர்க்க வேண்டும். ஒன்று, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் விவிலியப் பெயரைச் சூட்டி நாவலைப் புதிர்க்கட்டமாக்குவது. மற்றொன்று, எல்லாம் நம் புராணத்திலும் உண்டு என்று தள்ளிவிடுவது. முதல் வழியில் கதை மறைகிறது. இரண்டாம் வழியில் அதன் தனித்தன்மை மறைகிறது. குற்றத்தின் விலையை யார் கொடுக்கிறார், எதிரிக்கு என்ன நேர்கிறது, போருக்குப் பின் காயம்பட்டவர் எங்கே போகிறார் என்ற மூன்று கேள்விகள் நாவலின் உள்ளமைப்புக்கு இட்டுச்செல்லும்.

இக்கேள்விகளைக் கேட்கும்போது இரு ஆசிரியர்களும் ஒரே தரத்தில் நிற்பதில்லை. கல்மேசைக் காட்சியில் லூயிஸ் உச்சத்தைத் தொடுகிறார். தாஷைப் படைக்கும்போது தன் காலத்தின் முன்முடிவுகளுக்கு இடம் கொடுத்துவிடுகிறார். நம்பிக்கை வெளிப்படையாக இருப்பதால் நார்னியா வாசகரை உள்ளே, வெளியே என்று பிரிக்கிறது. டோல்கீன் தன் நம்பிக்கையைக் கதையின் இயக்கமாக மாற்றிவிட்டதால் அவருடைய உலகில் எந்த மதத்தவரும் எமெத்தாக நிற்க வேண்டியதில்லை. ராதாகிருஷ்ணன் வகுப்பறையில் பட்ட காயம் போன்ற ஒன்று நார்னியா படிக்கும் திருத்தணி மாணவர் ஒருவருக்கும் நேரலாம். அதற்காக அந்நூலை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. அக்காயத்தின் காரணத்தைப் பெயர் சொல்லிச் சுட்டிவிட்டு, கல்மேசையின் இரவைத் தொடர்ந்து படிப்பதே நல்ல விமர்சனத்தின் தொடக்கம்.